பனிவாரியின் அகலம்

காலை ஐந்தரை. கெமியார்வியில்
விடிவதற்கு இன்னும் ஐந்து மணி நேரம்.
பள்ளிச் சமையலறைக்குக் கிளம்புமுன்
என் வாசலை நான் வழித்தாக வேண்டும்.
நகராட்சி வண்டி இரவில் வந்து
தெருவைச் சுத்தமாக்கிவிட்டு
அத்தனை அழுக்குப் பனியையும் எங்கள் வாசல்களில்
கரை கட்டிவிட்டுப் போயிருக்கிறது.

எனக்கும் ரைமோவுக்கும் நடுவில்
ஓர் ஆரஞ்சுக் குச்சி.
ஏழு வருடமாக
அந்தக் குச்சி வரைக்கும்தான் என் கிறிஸ்தவம்.
ஒரு விரற்கடை தாண்டியதில்லை.

அங்கே ஒரு பிர்ச் மரம் நின்றது.
ரோவனியெமி ஆஸ்பத்திரியில் நான் கிடந்த வாரத்தில்
கூரையில் இலை விழுகிறதென்று வெட்டிவிட்டார்.
விறகில் பாதியை என் கொட்டகையில் அடுக்கியிருந்தார்,
வெகு நேர்த்தியாக.
அந்த நேர்த்தியைத்தான் என்னால் மன்னிக்கவே முடியவில்லை.

ஞாயிறுதோறும் எல்லாரோடும் சேர்ந்து
பாவ அறிக்கை சொல்கிறேன், சத்தமாகவே.
அதில் பிர்ச் மரம் வராது.

ஜனவரியில் ஒரு நாள் புயல் குச்சியை விழுங்கியது.
குனிந்த தலை நிமிராமல்
தள்ளிக்கொண்டே போய்விட்டேன்.
நிமிர்ந்தால், ரைமோவின் பக்கம்
முழுதாக ஒரு வாரி அகலம் வெறிச்சென்று கிடக்கிறது.
என்ன செய்தேன் தெரியுமா?
ஒரு வாரி பனியை அள்ளித் திருப்பிப் போட்டேன்.
ஐம்பத்தெட்டு வயது. சபையின் காபிக் குழுவுக்குப் பொருளாளர்.
ஒருவரும் பார்க்கவில்லை.
ஒருவரும் என்று சொல்லிக்கொண்ட மாத்திரத்தில்
காது சுட்டது, மைனஸ் இருபத்தாறில்.
போட்டதைத் திரும்ப அள்ளினேன்.

மறுநாள் குச்சி தெரிந்தது. ஆனாலும்
ஒரு வாரி அதிகம்.
அன்பென்று சொல்லிவிடாதீர்கள்,
கணக்கு நேராகட்டுமே என்றுதான்.
அதற்கடுத்த நாள் முதுகு வலி; நிறுத்திவிட்டேன்.
பிறகு மறுபடி. பிப்ரவரியில் ஒன்றரை வாரி.
வாரத்தில் இரண்டு நாள் பல்லைக் கடித்துக்கொண்டு,
ஒரு நாள் ஜெபித்துக்கொண்டு,
மற்ற நாட்கள் எதையும் நினைக்காமல்.
எதையும் நினைக்காத அந்த நாட்களில்தான்
ஏதோ நடந்திருக்க வேண்டும்.

சமையலறையில் மெர்யா ஒரு தட்டு அடுக்கையே போட்டு உடைத்தாள்.
திட்ட வாயெடுத்தவள் துடைப்பத்தை எடுத்தேன்.
பெருமைக்குச் சொல்லவில்லை,
மறுநாள் உப்புக்காக அவளையே திட்டித் தீர்த்தேன்.

கனி, கனி என்கிறார் போதகர்.
தெற்கிலிருந்து வந்தவர், ஆப்பிளை நினைக்கிறார் பாவம்.
எங்கள் சதுப்பில் விளையும் ஹில்லாவைக் கேளுங்கள்.
பத்து மாதம் இருப்பதே தெரியாது.
பூவில் உறைபனி பட்டால் அந்த வருடம் கிடையாது.
முதலில் சிவந்துதான் இருக்கும்;
சிவப்பு வடிந்தால்தான் பழம்.
அதுவும் கொசுக்கடியோடுதான் கைக்கு வரும்.

மார்ச்சில் ஒரு வியாழக்கிழமை,
பட்டாணி சூப் கோட்டில் மணக்க வந்து இறங்குகிறேன்.
குச்சியருகே ரைமோ.
ஏழு வருடத்தில் முதல் வார்த்தை:
"உங்கள் வாரி என் தபால்பெட்டிக் கீலை உடைத்துவிட்டது."
நன்றி இல்லை. வணக்கம் இல்லை.
என்னிடம் பதில் இருந்தது,
ஏழு வருடம் தீட்டித் தீட்டி வைத்த பதில்,
மரமும் அதில் இருந்தது.
வாயைத் திறந்தேன்.
"மன்னியுங்கள், நாளைக்கே மாட்டித் தருகிறேன்"
என்றது ஒரு குரல்.
யாருடையது என்று நானே திரும்பிப் பார்த்தேன்.

கீல் மூன்று யூரோ நாற்பது. திருகாணிக்குத் தனிக் காசு.
கடையில் நின்று முணுமுணுத்தேன், மறைப்பானேன்.
மறுநாள் இருட்டும் நேரம் மாட்டும்போது
அவர் விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார்.
கோணல் என்றார். இரண்டாம் முறையும் சொன்னார்.
கோணல்தான்.
கழற்றி மறுபடி மாட்டினேன்.

இரவெல்லாம் பனி கொட்டியது.